அவசரத்தில் போட்ட சட்டம்: வாசகர் கேள்வியும் என் பதிலும்

போன இதழில் கொரோனா காலத்துச் சட்டங்களைப் பற்றி நாலு வரி எழுதிவிட்டு, அந்தச் சட்டங்கள் நம் பக்கத்து ஜனங்களை என்ன செய்தன என்று இன்றுவரை யாரும் உட்கார்ந்து கணக்குப் பார்க்கவில்லையே என்று முடித்திருந்தேன். கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் கடிதம் வந்தபடி இருக்கிறது, பாதி திட்டு, பாதி கேள்வி. திட்டை நானே வைத்துக்கொண்டு கேள்விகளுக்கு மட்டும் பதில் சொல்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் வக்கீல் இல்லை. மஞ்சக்குப்பம் கோர்ட்டில் 30 வருஷம் வக்கீல் குமாஸ்தாவாக வழக்குக் கட்டு சுமந்தவன், அவ்வளவுதான்.

கேள்வி: கொரோனா போய் வருஷக்கணக்காகிவிட்டது. செத்த பாம்பை ஏன் அடிக்கிறீர்கள்? வேறு வேலை இல்லையா?
வாசகர், செம்மண்டலம்

பாம்பு சாகவில்லை ஐயா, சுருண்டு படுத்திருக்கிறது.

2004 டிசம்பர் 26ஆம் தேதி சுனாமி வந்தபோது நம் கடலூர் தேவனாம்பட்டினத்தில் என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு ஒரு வருஷம் நிறைய மூன்று நாள் இருக்கும்போது, 2005 டிசம்பர் 23ஆம் தேதி, பேரிடர் மேலாண்மைச் சட்டத்துக்கு ஜனாதிபதியின் ஒப்புதல் கிடைத்தது. குஜராத் பூகம்பத்திலிருந்தே பேசிக்கொண்டிருந்த விஷயம்தான், சுனாமி வந்த பிறகு வேகம் பிடித்தது. அந்தச் சட்டத்தைப் படித்துப் பாருங்கள். எழுதியவர் மனதில் இருந்தது அலை, புயல், இடிந்த வீடு, முகாமில் சோறு, குடிதண்ணீர். 15 வருஷம் கழித்து 2020 மார்ச் 24ஆம் தேதி அதே சட்டத்தைக் கையில் எடுத்துத்தான் நாடு மொத்தத்தையும் 21 நாளைக்குப் பூட்டினார்கள். நம் கடற்கரையில் பிணம் ஒதுங்கியதைப் பார்த்துவிட்டு எழுதிய சட்டம், செம்மண்டலத்தில் பெட்டிக்கடைக்காரரை ஷட்டர் இறக்கச் சொல்வதற்குப் பயன்படும் என்று அன்றைக்கு யாராவது நினைத்திருப்பார்களா?

இன்னொன்று அதைவிடப் பழசு. 1897ஆம் வருஷத்துத் தொற்றுநோய்ச் சட்டம். பம்பாயில் பிளேக் வந்தபோது வெள்ளைக்காரன் அவசரமாகப் போட்டது, வந்தபோது மொத்தமே நாலு பிரிவு. அப்போது புதுச்சேரி எல்லையான முள்ளோடைக்கு அந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரர் ராஜ்ஜியம், இந்தச் சட்டத்துக்கு அங்கே பேச்சே கிடையாது. அதே வருஷம் ஜூன் மாதம் புனேவில் பிளேக் கமிஷனர் ராண்டை சாபேகர் சகோதரர்கள் சுட்டதற்குக் காரணமே, வீடு புகுந்து நடந்த சோதனைகளின் மேல் இருந்த ஆத்திரம்தான். அந்தச் சட்டத்தில் ஆபத்தான தொற்றுநோய் என்றால் எது என்று சொல்லும் வரி ஒன்றுகூடக் கிடையாது. அரசு எந்த மட்டும் போகலாம், எங்கே நிற்க வேண்டும் என்றும் இல்லை. அதிகாரி நல்லெண்ணத்தில் செய்தால் அவர்மேல் வழக்குப் போட முடியாது என்று மட்டும் தெளிவாக இருக்கிறது.

2020 உத்தரவுகளெல்லாம் 2022 மார்ச் 31ஆம் தேதியோடு காலாவதி ஆகிவிட்டன. உத்தரவு போடும் அதிகாரம் போகவில்லை. 2024இல் மத்தியச் சட்ட ஆணையம் தன் 286ஆவது அறிக்கையை இந்த 1897 சட்டத்துக்கென்றே ஒதுக்கி, இதில் பெரிய ஓட்டைகள் இருக்கின்றன, ஒன்று திருத்துங்கள் இல்லை புதிதாக எழுதுங்கள் என்று சொல்லியிருக்கிறது. அதனால் இது பழங்கதை இல்லை ஐயா.

கேள்வி: நான் வாக்கப்பட்டது புதுச்சேரி கிருமாம்பாக்கம். அம்மா வீடு தமிழ்நாட்டு எல்லைக்குள் ரெட்டிச்சாவடிப் பக்கம், நடந்தே போய்விடலாம். 2020இல் அம்மாவுக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ், ஆஸ்பத்திரி புதுச்சேரியில். தமிழ்நாட்டு இ-பாஸ் இருந்தும் எல்லையில் இரண்டு தடவை திருப்பி அனுப்பினார்கள். இது சட்டமா, அங்கே நின்றவரின் கோபமா?
பெயர் வேண்டாம் என்ற வாசகி

அம்மா, இரண்டும்தான். சட்டத்தில் எழுதாமல் விட்ட இடத்தில் அன்றைக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர் கோபத்தை நிரப்பிக்கொண்டார்.

டெல்லியிலிருந்து வந்த வழிகாட்டுதலில் மருத்துவக் காரணத்துக்கு விலக்கு இருந்தது. ஆனால் மருத்துவக் காரணம் என்றால் எந்தக் காகிதம்? டாக்டர் சீட்டா, ஆஸ்பத்திரி அட்டையா, கலெக்டர் ஆபீஸ் பாஸா? ஒரு மாநிலம் கொடுத்த பாஸை இன்னொரு மாநிலம் ஏற்க வேண்டுமா? இதெல்லாம் காகிதத்தில் இல்லை. தொற்றுநோய்ச் சட்டம் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனி அதிகாரம் கொடுக்கிறது, பேரிடர் சட்டம் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் கலெக்டர் தலைமையில் ஒரு ஆணையம் வைக்கிறது. இரண்டு அரசு, இரண்டு கலெக்டர், நடுவில் ஒரு தடுப்புக்கட்டை. வேறு சில இடங்களில் மாநில எல்லை என்றால் காடும் மலையும் வரும். நமக்கு மடுகரை பக்கம் போனால் வீடு ஒரு மாநிலம், வயல் இன்னொரு மாநிலம். புதுச்சேரியின் துண்டு துண்டான வரைபடத்தைப் பார்த்திருந்தால் மாநில எல்லையை மூடு என்று ஒரே வரியில் யாரும் எழுதியிருக்க மாட்டார்கள்.

புதுச்சேரிக்காரர்கள் பயந்ததில் நியாயமே இல்லை என்றும் நான் சொல்ல மாட்டேன். 2020 மே மாதம் கோயம்பேடு சந்தையிலிருந்து திரும்பியவர்களால் கடலூர் மாவட்டத்தில் எண்ணிக்கை திடீரென்று எகிறியது, நம் வண்டி என்றாலே பக்கத்து ஊரில் கதவைச் சாத்தினார்கள். பயம் நியாயம். பயத்தை டயாலிசிஸ் நோயாளி மேல் இறக்கியதுதான் நியாயம் இல்லை.

உங்கள் கடிதத்தில் ஒரு விஷயம் எழுதியிருக்கிறீர்கள், அதை இங்கே சொல்லிவிடுகிறேன். இரண்டாவது தடவை திருப்பி அனுப்பியபோது அம்மாவின் கையில் டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்த ஃபிஸ்டுலா தழும்பைக் காட்டச் சொன்னார்கள், காட்டிய பிறகும் விடவில்லை. அந்தத் தழும்பு பாஸ் இல்லையென்றால் வேறு எது பாஸ்? ஆஸ்பத்திரியின் டயாலிசிஸ் அட்டையே இரண்டு மாநிலத்திலும் அனுமதிச் சீட்டு என்று ஒரு வரி சேர்க்க எத்தனை நிமிஷம் ஆகியிருக்கும்? ஆகஸ்ட் 22ஆம் தேதி மத்திய உள்துறை, மாநிலங்களுக்கு இடையிலும் உள்ளேயும் போக்குவரத்துக்குத் தடை போடாதீர்கள், தனி அனுமதி கேட்காதீர்கள் என்று எல்லா மாநிலத்துக்கும் கடிதம் எழுதியது. மார்ச் 25 முதல் ஆகஸ்ட் 22 வரை எத்தனை டயாலிசிஸ் முறை வரும் என்று நான் எண்ணிப் பார்த்தேன். 64 வருகிறது.

கேள்வி: கடலுக்கும் கொரோனாவுக்கும் என்ன சம்பந்தம்? எங்களை ஏன் கரையில் உட்கார வைத்தார்கள்?
விசைப்படகுக்காரர், கடலூர் முதுநகர்

சரி, தேதிகளை வரிசையாகப் போடுகிறேன், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். மார்ச் 25 ஊரடங்கு. விலக்குப் பட்டியலில் முதலில் கடல் மீன்பிடித் தொழில் இல்லை. ஏப்ரல் 10ஆம் தேதிதான் மீன்பிடித்தல், ஐஸ், பதப்படுத்துதல், விற்பனை எல்லாவற்றுக்கும் விலக்கு கொடுத்து உள்துறை உத்தரவு வந்தது. நம் கிழக்குக் கரையில் வருஷாவருஷம் விசைப்படகுக்குத் தடைக்காலம் ஆரம்பிக்கும் தேதி ஏப்ரல் 15. கையில் கிடைத்தது ஐந்து நாள். படகை இறக்கி, டீசல் போட்டு, ஐஸ் ஏற்றி, வெளியூர் போயிருந்த ஆட்களைக் கூப்பிட்டு வருவதற்குள் தடைக்காலம் வந்துவிடும். அந்த உத்தரவை எழுதியவருக்கு 15ஆம் தேதி தெரியாது என்று நான் நினைக்கவில்லை. அவர் மேஜையில் இருந்தது விலக்குப் பட்டியல், தடைக்காலம் வேறு இலாகாவின் மேஜையில் இருந்தது.

அப்புறம் சமாதானமாக 61 நாள் தடைக்காலத்தை 47 நாளாகக் குறைத்து மே 31ஆம் தேதியோடு முடித்தார்கள். 14 நாள் திரும்பி வந்தது. இழந்தது மார்ச் 25 முதல் ஏப்ரல் 14 வரை 21 நாள். மீன் குஞ்சு பொரிக்கும் காலம் என்று சொல்லி விதித்த தடையை ஊரடங்கின் பாக்கிக்குக் கழித்தது சரியா என்று மீன்வளம் படித்தவர்கள்தான் சொல்ல வேண்டும். எனக்கு அது, ஒரு பையில் கிழிசல் விழுந்ததற்கு இன்னொரு பையிலிருந்து துணி வெட்டியது போலத்தான் தெரிகிறது.

கேள்வி: சட்டம் படிக்கிறேன். அவசரக்காலச் சட்டங்களின் விளைவை மதிப்பிடுவது பற்றிக் கட்டுரை எழுத வேண்டும். எங்கிருந்து ஆரம்பிப்பது?
மாணவர், காலாப்பட்டு

தம்பி, நோய் எவ்வளவு குறைந்தது என்பதிலிருந்து மட்டும் ஆரம்பிக்காதீர்கள். ஊரடங்கால் குறைந்ததா, ஜனங்கள் தாங்களே பயந்து உள்ளே இருந்ததால் குறைந்ததா, தடுப்பூசியாலா என்று பிரிப்பதற்குள் உங்கள் படிப்பு முடிந்து நீங்களே சீனியர் ஆகிவிடுவீர்கள். யார் மேல் பாரம் இறங்கியது என்பதிலிருந்து ஆரம்பியுங்கள். அதைக் காகிதத்தில் பார்க்க முடியும்.

இங்கிலாந்தைச் சொல்கிறேன். 2020 மார்ச் 25ஆம் தேதி கொரோனா வைரஸ் சட்டம் என்று தனியாக ஒன்று போட்டார்கள். இரண்டு வருஷத்தில் தானாகக் காலாவதி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை நாடாளுமன்றத்தில் ஓட்டு. நம் இரண்டு சட்டத்திலும் இப்படி ஒரு கெடு கிடையாது. கெடு இருந்ததால் அங்கே எல்லாம் ஒழுங்காக நடந்துவிட்டதா? இல்லை. அந்த நாட்டு அரசு வழக்குத் தொடுப்புத் துறை 2020 மே மாதம் கணக்கெடுத்தபோது, அந்தச் சட்டத்தின்கீழ் போடப்பட்டிருந்த 44 வழக்குகளும், கவனியுங்கள், 44க்கு 44, தப்பாகப் போடப்பட்டவை என்று தெரிந்தது. நோய்த்தொற்று இருக்கலாம் என்று சந்தேகப்படுகிறவர்களுக்காக எழுதிய பிரிவைத் தெருவில் நின்றவன் மேல் போட்டிருந்தார்கள். போலீஸ் எங்கேயும் போலீஸ்தான். ஆனால் அங்கே ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொரு கட்டாகப் பிரித்துப் பார்த்திருக்கிறார், அதைத்தான் நான் உங்களுக்குக் காட்ட விரும்புகிறேன்.

இங்கே என்ன நடந்தது? தமிழ்நாட்டில் ஊரடங்கை மீறியதாகவும் வதந்தி பரப்பியதாகவும் சுமார் 10 லட்சம் வழக்குகள். 2021 பிப்ரவரியில், தேர்தலுக்கு முன்னால், வன்முறை, போலி இ-பாஸ், போலீஸைத் தடுத்தது தவிர மற்றதெல்லாம் கைவிடப்படும் என்று அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி அறிவித்தார். நல்ல காரியம்தான், நானும் சந்தோஷப்பட்டேன். ஆனால் கட்டைப் பிரிக்காமலேயே மூடிவிட்டோம். அந்த 10 லட்சத்தில் எத்தனை பேர் தள்ளுவண்டிக்காரர்கள், எத்தனை பேர் காரில் போனவர்கள், எந்தத் தெருவில் அதிகம், எந்தத் தெருவில் ஒன்றுகூட இல்லை? தெரியாமலேயே போய்விட்டது. தண்டனை நீங்கியது, கூடவே சாட்சியும் போனது.

அதிலும் ஒரு வேடிக்கை கேளுங்கள். இந்த வழக்குகளில் பெரும்பாலும் போட்டது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 188ஆவது பிரிவு, அரசு ஊழியரின் உத்தரவை மீறுவது. அந்தப் பிரிவில் போலீஸ் நேரடியாக எஃப்.ஐ.ஆர். போட்டு வழக்கு நடத்த முடியாது, உத்தரவு போட்ட அதிகாரியோ அவருக்கு மேலதிகாரியோ கோர்ட்டில் எழுத்துமூலம் புகார் கொடுக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2018லேயே ஜீவானந்தம் வழக்கில் சொல்லிவிட்டது. கொரோனா வருவதற்கு ஒன்றரை வருஷம் முன்னால்! அதற்குப் பிறகும் லட்சக்கணக்கில் எஃப்.ஐ.ஆர். போட்டால், சட்டம் தெரியாமல் போட்டதா, அடித்துப் பிடித்து வண்டியைப் பறிமுதல் செய்ய ஒரு எண் வேண்டியிருந்ததா என்று கேட்பது உங்கள் கட்டுரையின் வேலை.

இன்னொன்றும் பாருங்கள். 2020 ஜூன் 19ஆம் தேதி. அன்றைக்கு உச்ச நீதிமன்றம் காசி என்பவரின் வழக்கில், அதுவும் நம் மதுரைக் கிளையிலிருந்து போன வழக்கு, குறித்த நாளுக்குள் போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால் ஜாமீன் கேட்கும் உரிமையை ஊரடங்கைக் காரணம் காட்டிப் பறிக்க முடியாது, ஊரடங்கை நெருக்கடி நிலைப் பிரகடனத்தோடு ஒப்பிடவும் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. அதே 19ஆம் தேதி சாயங்காலம் சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரம் தாண்டிக் கடை திறந்திருந்தார்கள் என்று சொல்லி ஜெயராஜையும் அவர் மகன் பென்னிக்ஸையும் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். 22ஆம் தேதி இரவு மகனும் மறுநாள் காலை அப்பாவும் உயிரோடு இல்லை. வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. டெல்லியில் எழுதிய தீர்ப்புக்கும் ஸ்டேஷன் வாசலுக்கும் எவ்வளவு தூரம் என்று அளக்க இதைவிட வேறு தேதி எனக்குத் தெரியவில்லை.

தொழிலாளர் பக்கமும் போங்கள். குஜராத்தில் தொற்றைப் பொது நெருக்கடி என்று சொல்லி, தொழிற்சாலைச் சட்டத்தின் வேலை நேர விதிகளையும் இரட்டிப்பு ஓவர்டைம் கூலியையும் தள்ளிவைத்து அறிவிக்கை போட்டார்கள். போர், அந்நியப் படையெடுப்பு, உள்நாட்டுக் கலவரம் போல நாட்டின் பாதுகாப்புக்கே ஆபத்து வந்தால்தான் அந்தப் பிரிவு, கொரோனாவுக்குச் செல்லாது என்று 2020 அக்டோபர் 1ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நோயைச் சாக்காக வைத்து நோய்க்குச் சம்பந்தமில்லாத எது எது உள்ளே நுழைந்தது என்று பார்ப்பதும் மதிப்பீட்டில் ஒரு பங்கு. ஊரே முகக்கவசம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த ஜூன் 5ஆம் தேதிதான் மூன்று வேளாண் அவசரச் சட்டங்களும் வந்தன என்பதை ஞாபகப்படுத்துகிறேன். ஒன்றரை வருஷத்தில் அதைத் திரும்பப் பெற்ற கதை உங்களுக்கே தெரியும்.

நடைமுறையாகச் சொல்வதென்றால், உலகத்தையே அளக்கப் போகாதீர்கள். ஒரே ஒரு காவல் நிலையம், 2020 ஏப்ரலிலிருந்து ஜூன் வரை மூன்று மாசம், எத்தனை வழக்கு, என்ன பிரிவு, என்ன தொழில் செய்கிறவர், எத்தனை வண்டி, எத்தனை நாள் கழித்துத் திருப்பினார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய், 30 நாள். தனிநபர் பெயரைக் கேட்காதீர்கள், கொடுக்க மாட்டார்கள், உங்களுக்கும் அது வேண்டாம். கடலூர் நிலையம் என்றால் இரண்டாவது மேல்முறையீடு சென்னையில் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு, புதுச்சேரி நிலையம் என்றால் டெல்லியில் மத்தியத் தகவல் ஆணையத்துக்கு. ஆறே கிலோமீட்டரில் சாலை ஒன்று, ஆணையம் இரண்டு. பழைய கட்டுகளை அழிக்க ஒவ்வொரு ஆபீஸிலும் ஒரு கெடு இருக்கும், அதனால் தள்ளிப்போடாமல் கேளுங்கள்.

கேள்வி: என் மகன் மேல் 2020இல் ஊரடங்கு கேஸ் போட்டார்கள். ரத்து ஆகிவிட்டது என்று டிவியில் பார்த்தோம். இப்போது பாஸ்போர்ட்டுக்குப் போனால் கேஸ் இருக்கிறது என்கிறார்கள்.
வாசகர், பண்ருட்டி

டிவியில் வந்தது அறிவிப்பு. அறிவிப்பு கட்டுக்குள் போய் உட்காராது ஐயா, அதை யாராவது எடுத்துப் போய் வைக்க வேண்டும்.

முதலில் எஃப்.ஐ.ஆர். எண்ணையும் வருஷத்தையும் வாங்குங்கள். ஸ்டேஷனில் மேல் நடவடிக்கை கைவிடப்பட்டது என்று முடித்திருந்தால் அந்த அறிக்கை மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போயிருக்க வேண்டும். போயிருந்தால் சான்றிட்ட நகல் வாங்கி பாஸ்போர்ட் ஆபீஸில் கொடுங்கள். போகவில்லையென்றால் அங்கேதான் முடிச்சு. உத்தரவை மீறும் 188, அலட்சியத்தால் நோய் பரப்பும் 269 ஆகிய பிரிவுகளில் அதிகபட்சம் ஆறு மாதம் சிறை, அந்த மாதிரிக் குற்றத்தைக் கோர்ட் கையில் எடுக்க ஒரு வருஷம்தான் கெடு. உச்ச நீதிமன்றம் கெடுக் கணக்கிலிருந்து கழிக்கச் சொன்ன 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையான காலத்தைக் கழித்தாலும் அந்த ஒரு வருஷம் எப்போதோ ஓடிவிட்டது. வேறு பெரிய பிரிவு எதுவும் கூடச் சேர்த்திருக்கிறார்களா என்று மட்டும் பார்த்துவிட்டு ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். பையன் தப்பு எதுவும் செய்யாதது போலப் பேசிக்கொண்டே ஸ்டேஷனுக்குப் போகாதீர்கள், அங்கே அது எடுபடாது, எண்ணைச் சொல்லி நகல் கேளுங்கள், போதும்.

கேள்வி: எங்களைப் பாதுகாக்கப் போட்ட சட்டத்தையும் குறை சொல்வீர்களா?
செவிலியர், நெல்லிக்குப்பம்

மாட்டேன் சிஸ்டர், முழுசாக மாட்டேன். 2020 ஏப்ரல் 19ஆம் தேதி இரவு சென்னையில், கொரோனாவில் இறந்த ஒரு டாக்டரின் உடலை அடக்கம் செய்ய விடாமல் கூட்டம் கல்லெறிந்தது. 22ஆம் தேதி மத்திய அவசரச் சட்டம், மருத்துவப் பணியாளரைத் தாக்கினால் மூன்று மாதம் முதல் ஐந்து வருஷம், கொடுங்காயம் என்றால் ஆறு மாதம் முதல் ஏழு வருஷம். அடுத்த சில நாளில் தமிழ்நாடும் அடக்கத்தைத் தடுப்பவர்களுக்கு மூன்று வருஷம் வரை சிறை என்று தனியாகப் போட்டது. வேகமாக வந்தது, தேவைக்கு வந்தது.

என் குறை இரண்டு. மத்தியச் சட்டத்தில், கொடுங்காய வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்தான் தான் செய்யவில்லை என்று காட்ட வேண்டும் என்று பாரத்தைத் திருப்பி வைத்திருக்கிறார்கள். கூட்டத்தில் சும்மா நின்றவனுக்கு அது பெரிய பாரம். இரண்டாவது, இது தொற்றுநோய்ச் சட்டத்துக்குள் இருக்கிறது, அதனால் தொற்றுநோய்க் காலத்துக்குத்தான். நாளைக்கு ராத்திரி டூட்டியில் யாராவது குடித்துவிட்டு வந்து உங்களை அடித்தால் இந்தச் சட்டம் வராது, 2008ஆம் வருஷத்துத் தமிழ்நாட்டுச் சட்டத்தைத்தான் தேட வேண்டும். அதை எத்தனை ஸ்டேஷனில் எடுத்துப் பார்த்திருப்பார்கள் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

கேள்வி: இந்தச் சட்டங்களால் ஒரு நல்லதுகூட நடக்கவில்லையா?
வாசகி, சிதம்பரம்

நடந்தது. பேரிடர் சட்டத்தின் 12ஆவது பிரிவில், இறந்தவர் குடும்பத்துக்கு உதவித்தொகை உள்பட நிவாரணத்துக்குக் குறைந்தபட்ச அளவு வகுக்க வேண்டும் என்று இருக்கிறது. 2020 மார்ச் 14ஆம் தேதி மத்திய அரசு கொரோனாவைப் பேரிடராகக் கருதி, இறப்புக்கு 4 லட்சம் என்று கடிதம் போட்டு, அன்றைக்கே அந்த 4 லட்சத்தை எடுத்துவிட்டு வேறு கடிதம் போட்டது. பூட்டுவதற்கு மட்டும் பேரிடர், கொடுப்பதற்கு இல்லையா என்று சிலர் கோர்ட்டுக்குப் போனார்கள். வகுத்தே ஆக வேண்டும், விருப்பம் இல்லை என்று 2021 ஜூன் 30ஆம் தேதி உச்ச நீதிமன்றம் சொன்னது, அதன்பிறகு 50,000 ரூபாய் என்று முடிவானது. சுனாமிக்குப் பிறகு எழுதிய சட்டத்தில் அந்த ஒரு பிரிவு இருந்ததால் கிடைத்த காசு அது.

கேள்வி: புதுச்சேரியில் சரக்குக்கு கொரோனா வரி போட்டார்களே, அதையும் மதிப்பிடுவீர்களா?
வாசகர், பாகூர்

மதுக்கடை திறந்த 2020 மே 25ஆம் தேதி முதல், தமிழ்நாட்டு விலைக்குச் சமமாக ஆக்கி நம் ஆட்கள் எல்லை தாண்டி வராமல் தடுப்பதற்கு என்று போட்டது. மூன்று மாசம் என்று ஆரம்பித்து நீட்டி நீட்டி அடுத்த வருஷம் வரை ஓடியது. டயாலிசிஸ் அட்டைக்கு ஒரு வரி எழுத முடியாதவர்கள், எந்த பிராண்ட் தமிழ்நாட்டில் கிடைக்கிறது, எது கிடைக்காது என்று பிரித்துப் பட்டியலே போட்டார்கள். இரண்டு மாநிலமும் எல்லையைப் பற்றி நுணுக்கமாக யோசித்த ஒரே இடம் இதுதான்.

கேள்வி: ஊருக்கெல்லாம் சொல்கிறீர்களே, உங்களுக்கு அபராதம் போட்டார்களா?
வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

போட்டார்கள். 2020 செப்டம்பரில் தமிழ்நாடு பொதுச் சுகாதாரச் சட்டத்தைத் திருத்தி, முகக்கவசம் இல்லையென்றால் 200, எச்சில் துப்பினால் 500 என்று வந்ததே, அது வந்து கொஞ்ச நாளில். டீக்கடையில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தேன். டீயை மாஸ்க் போட்டுக்கொண்டு எப்படிக் குடிப்பது என்று கேட்டேன். குடித்து முடித்துவிட்டீர்கள் என்றார், கிளாஸில் இன்னும் ரெண்டு வாய் இருந்தது. வாதாடவில்லை, 30 வருஷம் கோர்ட்டில் இருந்தவனுக்கு எங்கே வாதாடக்கூடாது என்று தெரியும். 200 ரூபாய் கொடுத்து ரசீது கேட்டேன். அவரிடம் இருந்தது வேறு ஏதோ வரிக்கு அச்சடித்த பழைய ரசீதுப் புத்தகம், தலைப்பைப் பேனாவால் அடித்துவிட்டு எழுதிக் கொடுத்தார். இன்னும் வைத்திருக்கிறேன். பெயர் சரியாக இருக்கிறது, தொகை எண்ணாலும் எழுத்தாலும் இருக்கிறது, தேதி இல்லை. சட்டப்பிரிவு என்ற கட்டத்தில் மாஸ்க் என்று எழுதியிருக்கிறார்.